மழைக்கு முன்னால் செய்ய வேண்டிய வீட்டுச் சுத்தம்: மொட்டை மாடித் தொட்டி முதல் அடுப்படித் துணி வரை

தமிழ்நாட்டில் வீட்டை ஒட்டடை அடித்து, கழுவி, பழையதைக் கழித்து, வெள்ளையடிக்கும் பெரிய சுத்தம் மார்கழிக் கடைசியில் போகியை ஒட்டி நடக்கிறது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று மழையோடு வரும் நோய்கள் பல வீடுகளுக்கு வந்துவிட்டும் போயிருக்கும். போகிச் சுத்தம் நல்ல வழக்கம்தான், அதை விட வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலுள்ளவர்களின் உடல்நலம் கருதிச் சுத்தம் செய்வதாக இருந்தால், அந்த உழைப்பில் பெரும்பகுதியைப் புரட்டாசியிலேயே செய்து முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. ஆயுத பூஜை பல ஆண்டுகளில் அதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்னதாக வருகிறது. பூஜைக்காக வண்டியையும் கருவிகளையும் துடைக்கும் அந்த நாட்களில் தொட்டி, டிரம், மாடி, கழிவறை ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் தனியாக நாள் தேட வேண்டியிருக்காது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் என் அக்கா மகளுக்கு டெங்கு வந்தது. அக்காவின் வீட்டைப் போன்ற துப்புரவான வீட்டை எங்கள் உறவில் காண முடியாது. நாளுக்கு இரண்டு முறை தரை துடைப்பார். பிள்ளை மருத்துவமனையில் இருந்தபோது கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் டார்ச் விளக்கோடு வந்தார். தொட்டி, டிரம் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, ஃபிரிட்ஜைச் சற்று முன்னால் இழுக்கச் சொன்னார். அதன் பின்புறம் அடியில், உருகிய தண்ணீர் வடிந்து சேரும் சிறு தட்டில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு தட்டு அங்கே இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் எந்த வீட்டைச் சுத்தம் செய்தாலும் தரையிலிருந்து தொடங்குவதில்லை. தண்ணீர் எங்கே தங்குகிறது, ஈரம் எங்கே காயாமல் கிடக்கிறது, கை எதைத் தொட்டுவிட்டு உணவுக்கு வருகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

மேல்நிலைத் தொட்டியும் சம்பும்

வீட்டுச் சுத்தத்தை மேலிருந்து தொடங்குங்கள், அதாவது மொட்டை மாடியிலிருந்து. கொசு என்றாலே சாக்கடை நினைவுக்கு வருகிறது. ஆனால் சென்னையில் நெடுங்காலமாக மலேரியாவைப் பரப்பி வந்த அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவும் நல்ல தண்ணீரையே நாடுகிறது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகுவது கியூலெக்ஸ்; இரவில் காதருகே ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. ஆகவே தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பது அதில் புழு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

தொட்டி கழுவுவதற்கு ஒரு காலை நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். முந்தின நாளே மோட்டார் போடாமல் இருந்து, தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் மிஞ்சும்வரை அதைப் புழங்கித் தீர்த்துவிடுவது நல்லது. தண்ணீர் வீணாகாது, வேலையும் எளிதாகும். வீட்டுக்குள் இறங்கும் குழாயின் வால்வை அடைத்துவிட்டு, அந்த மிச்சத் தண்ணீரைக் கொண்டே நைலான் பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ சுவர்களைத் தேயுங்கள். சோப்போ சலவைத்தூளோ போட வேண்டாம், அது பிறகு முழுவதும் போகாது. அடியில் படிந்திருக்கும் வண்டலைப் போலவே, தண்ணீர் வழக்கமாக நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் ஓடும் வளையத்தையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை. மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, தண்ணீர் ஏறி அவற்றைத் தொடும்போது பொரிக்கின்றன. தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் கொசு ஏன் ஒழியவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

கலங்கிய தண்ணீரை அடியிலுள்ள கழிவுக் குழாய் வழியாகவோ, கிண்ணத்தால் மொண்டோ வெளியேற்றி, துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பிறகு 10 லிட்டர் வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, மேலே தெளியும் நீரை எடுத்துச் சுவர் முழுவதும் பூசி அரை மணி நேரம் விட வேண்டும். அதன்பின் நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டுத் தொட்டியை நிரப்புங்கள். நிரம்பிய தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு சிறு தேக்கரண்டி தலைதட்டி எடுத்தால் ஏறத்தாழ அவ்வளவு வரும். 6,000 லிட்டர் சம்புக்கு 24 கிராம். இதையும் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே புழங்க வேண்டும். நல்ல பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். திறந்த பையில், ஈரக்காற்றில், வெயில் படும் இடத்தில் வைத்தால் அது சில வாரங்களிலேயே வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கை எரிக்கும் நெடி வரவில்லையென்றால் அதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

சம்பைப் பொறுத்தவரை வேலையைவிட எச்சரிக்கை முக்கியம். பல நாட்களாக மூடிக் கிடந்த சம்பில் மூச்சுக்குத் தேவையான காற்று குறைந்திருக்கலாம். மூடியைச் சில மணி நேரம் முன்பே திறந்து வைத்து, மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கும்போதுதான் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதுதான் பல வீடுகளில் ஓர் உயிரோடு போகாமல் இரண்டு மூன்று உயிர்களைப் பறித்திருக்கிறது. செப்டிக் டேங்குக்குள்ளோ யாரையும், எவ்வளவு கூலிக்கும், இறக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமென்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாதது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சியெடுக்கச் செய்வதே முறை. லாரி வந்துபோன கையோடு, செப்டிக் டேங்கின் காற்றுப்போக்கிக் குழாய் வாயில் நைலான் கொசுவலைத் துண்டு ஒன்றை இறுக்கிக் கட்டிவிடுங்கள். கியூலெக்ஸ் வெளியே வருவதும் உள்ளே போவதும் பெரும்பாலும் அந்த வாய் வழியாகத்தான்.

தொட்டியின் மூடியையும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயையும் இதே கண்ணோடு பாருங்கள். காற்றில் நகர்ந்த மூடி, வெடித்த மூடி, குழாய்கள் நுழைவதற்காக அறுத்த ஓட்டை ஆகிய எதிலும் கொசு நுழைய ஒரு விரற்கடை இடைவெளி தாராளம். மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் வீட்டுக்கு வீடு அதற்கான குழியும் இருக்கிறது. அந்தக் குழியில் மண்ணடைத்துத் தண்ணீர் இறங்காமல் நின்றால் அதுவும் ஒரு கொசுத் தொட்டிதான். மழைக்கு முன் கூழாங்கல்லையும் மணலையும் எடுத்து அலசிப் போட வேண்டும். மாடியின் வடிகால் வாயில் சேர்ந்திருக்கும் வேப்பஞ்சருகை அள்ளுவதும் சன்ஷேடின் மேல் கிடப்பதை இறக்குவதும் அரை மணி நேர வேலைதான்.

வியாழக்கிழமை மாலை

மழைக்கு முன் ஒருமுறை செய்யும் சுத்தத்தோடு கொசுவைப் பொறுத்தவரை வேலை முடிவதில்லை. வெப்பமான நாட்களில் ஏடிஸ் முட்டை 7 முதல் 10 நாட்களுக்குள் பறக்கும் கொசுவாகிவிடுகிறது. அதனால் தண்ணீர் தங்கும் எதையும் வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து தேய்த்தே ஆக வேண்டும். நம் வீடுகளில் வாரக் கணக்குக்கு ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது: வெள்ளிக்கிழமைப் பூஜைக்காக வியாழன் மாலையில் வீடு கழுவி, குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். அந்த மாலையிலேயே டிரம்மையும் துலக்கிவிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

டிரம், அண்டா, சிமென்ட் தொட்டி எதுவானாலும் முறை ஒன்றுதான். மிச்சத் தண்ணீரைச் செடிக்கோ காய்ந்த மண்ணுக்கோ ஊற்றுங்கள். சாக்கடையில் ஊற்றினால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளலாம். உட்புறத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து, முடிந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் கவிழ்த்து, பிறகு நிரப்பி மூடுங்கள். மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். நடுவில் தொய்ந்தால் அந்தக் குழிவில் மழைநீர் தேங்கும் என்பதால் முரசுத் தோல்போல இழுத்துக் கட்ட வேண்டும்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை. ஃபிரிட்ஜின் பின்தட்டு, ஏர்கூலரின் அடித்தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மணிபிளான்ட் பாட்டில், வாசலில் பூ மிதக்கவிடும் உருளி, எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலுக்கடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணம், பயன்படுத்தாத கழிவறையின் பேசின், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, டயர், சிமென்ட் பூசிய சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே நிற்கும் மழைநீர் என்று தேடத் தேடக் கிடைக்கும். எறும்புக் கிண்ணத்தில் ஒரு கை கல்லுப்பைப் போட்டுவிட்டால் அதில் புழு பிழைக்காது. காலி செய்ய முடியாத தாமரைத் தொட்டியிலும் கிணற்றிலும் கப்பி மீன் விடலாம், புழுவைத் தின்று தீர்த்துவிடும். ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாதென்றால் குழியில் மணலை நிரப்பிவிடுங்கள். தண்ணீரில் புழு இருக்கிறதா என்று பார்க்கும்போது டார்ச்சைச் சாய்வாக அடித்து, சற்று அசையாமல் நில்லுங்கள். நிழல் விழுந்ததும் புழுக்கள் அடிக்குப் போய்விடும், சற்று நேரத்தில் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். தண்ணீர்ப் பரப்போடு படுத்த வாக்கில் இருந்தால் அனாபிலிஸ்.

உள்ளாட்சிப் பணியாளர்கள் டிரம்மில் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போனதும், வாடை பிடிக்காமல் பலர் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். அவர்கள் ஊற்றுவது புழுவைக் கொல்லப் போதுமான மிகச் சிறிய அளவுதான். அந்தத் தண்ணீரைப் புழக்கத்துக்கு வைத்துக்கொண்டு, குடிக்க வேறு தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர்களுக்குக் கதவைத் திறந்து மாடிவரை அழைத்துப் போவதையும் நான் வீட்டுச் சுத்தத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

குடிதண்ணீர்

குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தாலும், அது கெடுவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்தபின்தான். குடத்துக்குள் சொம்பை விட்டு மொள்ளும்போது விரல்களும் சேர்ந்து தண்ணீருக்குள் போகின்றன. நீண்ட காம்புள்ள கரண்டியோ, குழாய் வைத்த பானையோ இந்த ஒரு வழியை அடைத்துவிடும். குடத்தை வாரம் இருமுறையாவது உட்புறம் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். 20 லிட்டர் கேன் வாங்குபவர்கள் கேனைக் கவிழ்ப்பதற்கு முன் அதன் வாயையும் கழுத்தையும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். லாரியிலும் படிக்கட்டிலும் உருண்டு வந்த பகுதிதான் நேராகக் குடிதண்ணீருக்குள் முங்குகிறது. கேன் வைக்கும் பானையின் உள்ளே விரலைத் தடவிப் பார்த்தால் வழுவழுப்பு இருக்கும், அதையும் வாரம் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சிக் குடிப்பதே பாதுகாப்பு. இருபது நிமிடம் காய்ச்ச வேண்டும் என்பதை நம்பி எரிவாயுவுக்கு அஞ்சிக் காய்ச்சாமலே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகளைக் கொல்ல அது போதும். காய்ச்சிய பாத்திரத்திலேயே ஆறவிட்டு மூடிவைப்பது இன்னும் நல்லது.

அடுப்படி

அடுப்படியில் எனக்கு மிகுந்த கவலை தருவது அந்த ஒரே துணி. அதே துணியில்தான் மேடையைத் துடைக்கிறோம், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறோம், கையைத் துடைக்கிறோம், பிறகு பிள்ளைக்குச் சோறு போடும் தட்டையும் துடைக்கிறோம். நாள் முழுவதும் ஈரம் காயாமல், உணவுத் துணுக்கோடு கிடக்கும் அந்தத் துணியிலும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலும் கிருமிகள் பெருகுவதற்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. மேடைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று என்று மூன்று துணிகளை வேறு வேறு நிறத்தில் வைத்து, இரவில் மூன்றையும் சோப்புப் போட்டு அலசி விரித்துக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைக்கலாம். ஸ்பாஞ்சு நாறத் தொடங்கும் முன்பே எறிந்துவிட வேண்டும். சீக்கிரம் காய்ந்துவிடும் தேங்காய் நார் இந்த வகையில் ஸ்பாஞ்சைவிட மேலானது.

கோழியையும் மீனையும் கழுவாமல் சமைக்க நம்மில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். அப்படியானால் கழுவும் முறையை மாற்றிக்கொள்ளலாம். குழாயை வேகமாகத் திறந்து அதன் கீழே காட்டினால் துளிகள் தெறித்துப் பக்கத்தில் கழுவி வைத்த டம்ளர்வரை போகும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள் இறைச்சியை அமிழ்த்து அலசி, அந்தத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். மஞ்சள் தடவினால் கிருமி போய்விடும் என்று இருந்துவிட வேண்டாம். முழுவதும் வேகும்போதுதான் அது போகும். அரிவாள்மனை, பலகை, சிங்க், குழாயின் திருகு, கை ஆகிய அனைத்தையும் சோப்பால் கழுவிய பிறகே வெள்ளரியையும் கொத்தமல்லியையும் தொட வேண்டும். பச்சையாகத் தின்னும் காய்க்குத் தனிப் பலகை வைத்துக்கொண்டால் மறதியால் வரும் தவறும் குறையும்.

ஆக்கிய சோற்றை மாலைவரை அடுப்பு மேடையிலேயே வைத்திருந்து பிறகு தாளித்துக் கொடுப்பது பல வீடுகளின் பழக்கம். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைப்பதில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவை முளைத்து நஞ்சு சுரக்கின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் முறிவதில்லை. மிஞ்சும் என்று தெரிந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இரவில் சிங்க்கில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைக்காமல், மேடையையும் சிங்க்கையும் காயத் துடைத்து, வடிகால் ஓட்டையை ஜாலியால் மூடினால் கரப்பான்பூச்சிக்கு உணவும் தண்ணீரும் ஒருசேர நின்றுபோகும். மருந்தடிப்பதைவிட இதுதான் நிலைத்த பலன் தரும். எலிக்கும் இதே கணக்குதான்: அரிசியும் பருப்பும் தகர டின்னில், குப்பை வாளி மூடியோடு, கதவின் அடி இடைவெளியில் தகரப் பட்டை.

கழிவறையும் கையும்

சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் மட்டுமே வயிற்றுப்போக்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது. அதற்காகச் செய்ய வேண்டியது மிக எளியது: கழிவறைக்கு வெளியே குழாயடியில் ஒரு சோப்பு, அடுப்படி சிங்க்கில் ஒரு சோப்பு, இரண்டும் கைக்கெட்டும் உயரத்தில், சிறு பிள்ளைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். சோப்பு தண்ணீரில் ஊறிக் கூழாகாமலிருக்க ஓட்டையுள்ள பெட்டியில் வையுங்கள். கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்று எண்ணித் துணியைக் கண்ட இடத்தில் அலசுகிறோம். அதிலும் பெரியவர்களின் மலத்தில் உள்ளதைப் போலவே நோய்க்கிருமிகள் இருக்கும். அதைக் கழிவறையில் கொட்டி, துணியைத் தனியே அலசி, உடனே கையைக் கழுவ வேண்டும்.

கழிவறையைச் சுத்தம் செய்யும்போது குழாயின் திருகு, கதவுத் தாழ்ப்பாள், மின்விளக்கு சுவிட்ச், மக்கின் கைப்பிடி என்று கை படும் இடங்களை முதலில் துடைத்து, பேசினைக் கடைசியில் தேயுங்கள். அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து அழுக்கு மிகுந்த இடத்துக்குப் போவதே முறை. கழிவறைத் துணியும் பிரஷ்ஷும் வேறெங்கும் போகக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை நான் இரண்டு முறை சொல்லவும் தயங்க மாட்டேன். கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறிய கழிவறையில், சன்னலடைத்த நிலையில், அது நுரையீரலை வேகவைத்துவிடும். எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்பானவற்றையும், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. நெடி ஏறிக் கண் எரிந்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, கதவைத் திறந்து வையுங்கள். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் பாட்டில்தான் தெரியும். அப்படிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அது உணவுக்குழாயை மறுபடி புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் இறங்கும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, 108ஐ அழைத்து, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் இந்த வேலைகளைச் செய்ய ஒருவர் வருகிறார் என்றால் அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுப்பதும், எதை எதோடு கலக்கக் கூடாதென்று நேரில் சொல்லிக் காட்டுவதும் வீட்டுக்காரரின் கடமை. யாரும் வராத வீடுகளில் எல்லாமே அம்மாவின் தலையில் விழுகிறது. மாடித் தொட்டியையும் டார்ச் நடையையும் ஆண்களும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டால், மேலே சொன்னதெல்லாம் ஒரு வீட்டால் தொடர்ந்து செய்யக்கூடியதாக இருக்கும்.

படுக்கையறைக் காற்று

இரைப்பும் தும்மலும் உள்ள வீட்டில் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவது தூசியைத் தரையிலிருந்து மூக்குக்கு மாற்றுவதாகவே முடியும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. மின்விசிறி இறக்கைகளைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்துத் துடைத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகள் ஈரக்காற்றில் பெருகுகின்றன. உறைகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்பதும், மழைக்கு முன் மெத்தையை நல்ல வெயிலில் புரட்டிப் போடுவதும் அவற்றைக் குறைக்கும். கொசுவை விரட்ட மூடிய அறையில் சுருள் கொளுத்துவதை விட்டுவிடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்கு இணை என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. வலை கட்டுவதற்கு ஆகும் செலவு ஒருமுறைதான்.

வெள்ளம் புகுந்துவிட்டால்

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காலை முழுதும் மூடும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர் காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுத்துவிடும். சேற்றை முழுவதும் அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடருக்கு வேலை. சேற்றின் மேல் தூவும் பவுடர் சேற்றோடு வினைபுரிந்து வீணாகிறதே தவிரக் கிருமியை எட்டுவதில்லை. கழுவிய தரைக்கு லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். வெள்ளநீர் தொட்ட அரிசி, மாவு, திறந்த மசாலா எதையும் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். சம்பில் வெள்ளம் இறங்கியிருந்தால் முழுவதும் இறைத்துக் கழுவிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்துவிடலாம்; ஏடிஸ் நூறு இருநூறு மீட்டர் பறக்கும், பக்கத்து மாடியின் டிரம் நம் கையில் இல்லை. அப்போது காய்ச்சல் இருக்கும் முதல் வாரம் முழுவதும் நோயாளியைப் பகலிலும் வலைக்குள்ளேயே படுக்க வையுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு; அவரைக் கடித்த கொசு சில நாட்களில் வீட்டிலுள்ள அடுத்தவருக்கு அதைக் கொடுக்கும். அன்று மாலையே, வியாழன்வரை காத்திராமல், டார்ச்சோடு இன்னொரு நடை போய்விட்டு, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி அவர்கள் மாடியைச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.